பச்சைத் தண்ணீரில் மட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் மாற்றிச் சொல்ல வேண்டி வரலாம். அப்போது கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தேனியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2010 சித்திரையில் ஒருநாள் கடைவாய்ப்பல் வலியோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணாடி அலமாரி. அதற்குள் மாவுக்கட்டு மாவில் வார்த்த பல்வரிசைகள், மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஜோடி ஜோடியாக. ஊரே சேர்ந்து எதற்கோ இளித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஊதாப் பென்சிலில் பேரும் ஊரும் எழுதியிருந்தார்கள். ஒரு பேருக்கு இரண்டு ஜோடி. முதல் ஜோடியில் முன்பற்கள் நான்கும் சரிந்த கூரை ஓடுகளைப் போல முன்னால் தள்ளிக்கொண்டு நின்றன. இரண்டாவதில் அதே பற்கள் ஒழுங்காக உள்ளே போய் நின்றன. மாரீஸ்வரி, வருசநாடு. இரண்டு தேதிகளுக்கும் நடுவே பதினைந்து மாதம்.

அந்தப் பதினைந்து மாதத்தை எழுதலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

[பல் என்பது எலும்பில் அறைந்த ஆணி அல்ல.] இது கட்டுரை.

[சுருளிவேலின் மகளைப் பார்க்க வந்த மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் பலகாரத்தைத் தின்றுவிட்டு] இதை முடிக்கவில்லை. பலகாரம் வந்ததும் எல்லாப் பெண்பிள்ளைகளின் கதையும் ஒரே கதையாகிவிடுகிறது.

மாரீஸ்வரி சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். இதை வைத்துக்கொள்கிறேன்.

கை போவது அவளுக்கே தெரியாது. ஏழாம் வகுப்பில் தொடங்கிய பழக்கம். அப்பா சுருளிவேலுக்கு வருசநாட்டில் இலவமரத் தோப்பு. பங்குனி சித்திரையில் காய் உடைக்க வரும் பெண்களோடு உட்கார்ந்து அவளும் பஞ்சு பிரிப்பாள். அவர்கள் சொல்லும் கெட்ட கதைகளுக்கெல்லாம் சிரிப்பாள். பஞ்சு ஒட்டிய கை வாய்க்குப் போகும். மேலுதட்டில் வெள்ளை மீசை முளைத்துவிடும். "ஏத்தா, கெழவியாயிட்டடி" என்று அதற்கொரு சிரிப்பு எழும்.

2006 தையில் சின்னமனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுரேஷ்கண்ணன் உரக்கடை வைத்திருந்தான். அவனுடைய அப்பா ராக்கையா மாட்டுத் தரகர். முப்பது வருடமாகச் சந்தை சந்தையாக மாட்டின் வாயைப் பிளந்து வயது சொன்னவர். அவர் மாரீஸ்வரியை ஒருமுறைதான் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"பொண்ணு குணத்துல தங்கம்னு சொன்னாக. பாத்தாலே தெரியுது. பல்லு ஒண்ணுதான் முன்னால நிக்கிது. இப்பத்தான் கம்பி போட்டு இழுத்துர்றாகளாமே? இழுத்துட்டுச் சொல்லியனுப்புங்க. அடுத்த வருசம் வைகாசியில வச்சுக்கிருவம்."

அடுக்களையில் மாரீஸ்வரியின் அம்மா மொக்கம்மாள் புருசனிடம் பல்லைக் கடித்தாள். "நல்லவேள, வாலத் தூக்கிப் பாக்கல."

"சும்மா இரு. காதுல விழுகப்போகுது."

"விழுகட்டுமே."

ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள். அதற்கு முன்பு வந்த இரண்டு வீட்டாரும் சொல்லியனுப்பச் சொல்லவில்லை.

3

(இந்தப் பகுதியில் கொஞ்சம் வைத்தியம் வரும். தாண்டிப் போகவேண்டாம். பின்னால் வரும் குற்றம் இதற்குள்தான் இருக்கிறது.)

கம்பி போடும் டாக்டர் மதுரையிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். முதல் வேலையாக, நல்ல பற்களில் நான்கைப் பிடுங்கினார். இடம் வேண்டுமல்லவா. பிறகு ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன உலோகக் கட்டையைப் பசைவைத்து ஒட்டி, எல்லாவற்றையும் கோத்து ஒரு கம்பியை ஓட்டினார். ஓட்டுமுன் அந்தக் கம்பியை மாரீஸ்வரியிடம் காட்டினார். கோணல்மாணலாக மடக்கி, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டார். கம்பி துள்ளி, பழையபடி வில்லாக வளைந்து நின்றது.

"இதுக்கு ஞாபகம் இருக்கும்மா. எப்பிடி மடக்குனாலும் தன்னோட வடிவத்துக்குப் போகப் பாக்கும். போகும்போது பல்லையும் கூட்டிக்கிட்டுப் போகும்."

அவளுக்கு அது பிடித்துப்போனது. இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொன்னாள்.

சுருளிவேலுக்கு வேறு கவலை. "ஐயா, கமலைக்கு ரெண்டு மாடு கட்டுறதுக்கு நாலாக் கட்டுனா வெரசா ஏறும்ல. அந்த மாதிரி ரெண்டு கம்பியாப் போட்டா?"

"பல்லு கெணத்துத் தண்ணியில்லங்க. போற பக்கம் எலும்பு கரையணும், விட்டுட்டு வந்த பக்கம் புது எலும்பு ஊறணும். மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர். அவசரப்பட்டு இழுத்தா வேர் தேஞ்சு போயிரும். அப்புறம் ஆடும்."

"எம்புட்டு நாளு?"

"ரெண்டு வருசம்."

"வைகாசிக்குள்ள முடியாதா?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். கம்பி போட வரும் பெண்களின் அப்பாக்கள் எல்லோரும் ஏதாவதொரு மாதத்தின் பேரைச் சொல்வார்கள்போல.

மாதம் ஒரு சனிக்கிழமை, வருசநாட்டிலிருந்து தேனிக்குப் பஸ். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் சங்கிலியம்மாள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், ஊரைச் சொல்லித்தான். "போடி வந்துருச்சா? கூடலூர் உள்ள போ. வருசநாடு, வாயக் கழுவு." கம்பியை முறுக்கினால் மூன்று நாளைக்குக் கஞ்சிதான். சோற்றுப் பருக்கை பட்டாலே தலை உச்சி வரைக்கும் விண்ணென்று தெறிக்கும். மாரீஸ்வரி அழவில்லை. கண்ணாடியில் தினமும் பார்ப்பாள், ஒன்றும் தெரியாது. ஆறாம் மாதம் ஒருநாள் வாயைச் சும்மா மூடியபோது உதடுகள் இரண்டும் ஒன்றோடொன்று தொட்டன. அதுவரை அவள் முயற்சி செய்துதான் மூட வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் அழுதாள்.

(இந்த இடம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டாம். எழுதுகிறவளுக்குத் தெரியும் என்று விட்டுவிடுங்கள்.)

4

2007 சித்திரை. மொக்கம்மாள் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"இன்னும் எட்டு மாசமாச்சும் கம்பி இருக்கணும்மா. பல்லு வந்துருச்சு, எலும்பு இன்னும் கெட்டியாகல. இப்பக் கழட்டுனா பழைய எடத்தத் தேடிப் போயிரும்."

"பத்திரிகை அடிச்சாச்சு ஐயா. வாயில கம்பியோட தாலி கட்டுனா ஊரு என்ன பேசும்? போட்டாவுல மின்னுமே."

அப்படித்தான் கம்பி கழன்றது. அதற்குப் பதிலாக, புதிதாக அச்செடுத்து, வெள்ளை மாவில் வார்த்து, அதன்மேல் கண்ணாடிபோன்ற ஒரு பிளேட்டை அழுத்தி எடுத்துக் கொடுத்தார்கள். பல்வரிசைமேல் உறைபோல உட்காரும். போட்டிருப்பது வெளியே தெரியாது. புது இடத்தில் எலும்பு இறுகும்வரை பற்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது அதுதான்.

"சாப்புடும்போது மட்டும் கழட்டு. மத்தபடி எந்நேரமும் வாயில இருக்கணும். பச்சைத் தண்ணில மட்டும் கழுவு. சுடுதண்ணி பட்டாக் கோணிக்கிரும், அப்புறம் உதவாது." இதையே இங்கிலீஷில் அச்சடித்த ஒரு சீட்டையும் கொடுத்தார். அவள் பத்தாவது வரைக்கும் படித்தவள். சீட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் யாரோ எதற்கோ சிரிக்க, இவளும் சிரித்தாள். கை வாய்க்குப் போனது. மொக்கம்மாள் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"இனி எதுக்குடி கை?"

கண்டமனூர் போய்ச்சேருமுன் நான்குமுறை தட்டினாள். ஐந்தாம் முறை கை மடியிலேயே இருந்தது.

5

இனி மாமியார் வரவேண்டும்.

சுரேஷ்கண்ணனின் அம்மா பிச்சையம்மாள். [கண்ணில் ஈரமில்லாத, வெற்றிலைக் கறை படிந்த] அடித்துவிட்டேன். பார்த்ததும் நீங்கள் வெறுக்கும்படி ஒருத்தியைச் செய்வது எளிது. பிச்சையம்மாள் மருமகளுக்குத் தலைவாரிப் பூவைத்துவிட்டவள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் பொறுக்காது: எச்சில்.*

* எங்கள் பக்கம் எச்சில் என்பது அழுக்கு இல்லை. அழுக்கைத் துடைத்தால் போகும். எச்சில் பட்ட டம்ளர் எவ்வளவு பளபளத்தாலும் எச்சில்தான். அதை வெந்நீர்தான் போக்கும்.

வாயில் ஊறிய ஒரு பொருளை ஒரு பெண் கழற்றுவதும், கழுவுவதும், மறுபடி மாட்டுவதும் பிச்சையம்மாளுக்கு ஐந்து வாரமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். ஆனியில் குலசாமிக்குப் பொங்கல் வைக்கும் நாள் வந்தது. புதுமருமகள் முதல் பானை வைக்க வேண்டும்.

"ஆத்தா மாரி, இன்னைக்கி மட்டும் அதக் கழட்டி வச்சுட்டுப் போத்தா. வாயில எச்சிப் பொருள வச்சுக்கிட்டுச் சாமிக்கு ஒல வைக்கக் கூடாது."

"சரி அத்தை."

மாரீஸ்வரி பிளேட்டை ஒரு எவர்சில்வர் டம்ளரில், பச்சைத் தண்ணீருக்குள் போட்டு அடுக்களை மேடையில் வைத்தாள். "அத்தை, இத யாரும் சுடுதண்ணில மட்டும் போட்டுறாதீக" என்று சொன்னாள். பிச்சையம்மாள் "ம்" என்றாள். மாமனாரும் புருசனும் மாரீஸ்வரியும் பானையோடு டெம்போவில் முதலில் போனார்கள். பிச்சையம்மாள் வீட்டைக் கழுவிவிட்டுப் பின்னால் வருவதாக நின்றாள். பாத்திரங்களுக்கெல்லாம் வெந்நீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். அந்த டம்ளர்முன் நின்றாள்.

"யாருக்கும் கெடுதலில்ல, சுத்தமாக் கெடக்கட்டுமே. என்ன?"

என்று கேட்டுவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள்.

பிளேட்டு உடனே ஒன்றும் ஆகவில்லை. பிறகு இரண்டு முனைகளும் விலகின. மெல்ல வாய்திறப்பதுபோல.

6

அதற்குப்பின் நடந்ததைச் சொல்கிறேன். இதில் எதையும் மாற்றி எழுத முடியவில்லை.

கோயிலிலிருந்து வந்த மாரீஸ்வரி அதை அழுத்தி மாட்டப் பார்த்தாள். நடுவில் விரிசல் விட்டது. "வேற வாங்கிக்கிருவம், விடு" என்றான் சுரேஷ்கண்ணன். நல்லவன்தான். சனிக்கிழமை கடைக்குச் சரக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமைக்குள் ஆடி பிறந்துவிட்டது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள்.

வருசநாட்டில் மொக்கம்மாள் சொன்னாள்: "கல்யாணம் முடிஞ்ச பொண்ண இங்கனருந்து நாங்க ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிப்போனா, அவுக வீட்டுல பாக்கலன்னு ஊரு சொல்லும். மாப்ளைக்கிக் கொறச்சலா இருக்கும். ஆடி முடிஞ்சு கூப்புட வருவாருல்ல, அங்கனருந்து போய்க்க."

சின்னமனூரில் ராக்கையா சொன்னார்: "அவ ஆத்தா வீட்டுல இருக்கா. பெத்தவுக பாத்துக்கிருவாக."

இரண்டு வீட்டாரும் மரியாதை பார்த்தார்கள். பற்களுக்கு அது தெரியாது. பிடுங்கிய இடத்தில் முதலில் ஒரு நூல் நுழையும் அளவு சந்து விழுந்தது. பிறகு ஒரு ஈர்க்குச்சி. மாரீஸ்வரி விரலால் முன்பற்களை உள்ளே தள்ளிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். விரலை எடுத்தால் நாக்கு போய்த் தொடும். எங்கே இருக்கின்றன என்று பார்க்கத்தான்.

ஆவணி பிறந்தது. அப்பாவும் மகனும் கூப்பிட வந்தார்கள். "வாங்க மாமா" என்றாள். கை மடியிலேயே இருந்தது. கல்யாணத்திலிருந்து அப்படித்தான் பழகியிருந்தாள். ராக்கையா ஒருமுறை பார்த்தார்.

"பல்லு திரும்பிருச்சே."

துண்டை உதறித் தோளில் போட்டார்.

"திரும்பப் போட்டு நேராக்கிட்டுச் சொல்லியனுப்புங்க. அப்ப வந்து கூட்டிக்கிருவம். ஏலே, கெளம்பு."

சுரேஷ்கண்ணன் மாரீஸ்வரியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், செருப்பை மாட்டினான்.

அது 2007. இது 2010. இன்னும் யாரும் சொல்லியனுப்பவில்லை.

7

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் சுரேஷ்கண்ணன் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பி வருகிறான். (அவன் இறங்கமாட்டான். எனக்குத் தெரியும்.) ஒன்றில் மாரீஸ்வரி தானே தேனிக்குப் போய் மறுபடி கம்பி போட்டுக்கொள்கிறாள், யாருக்காகவும் இல்லாமல். இன்னொன்றில் பிச்சையம்மாள் வருசநாட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறாள். அது நன்றாக வந்திருந்தது. படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

பிறகு ஐந்தாம் பகுதியை மறுபடி படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

"சுத்தமாக் கெடக்கட்டுமே. என்ன?"

அடுக்களையில் வேறு யாரும் இல்லையென்றால் பிச்சையம்மாள் யாரிடம் கேட்டாள்?

அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அடிக்க முடியவில்லை. அவள் அப்படிக் கேட்டது உண்மை. கேட்டது என்னிடம்.

நான் ராக்கையாவின் மூத்தமகள். சுரேஷ்கண்ணனுக்கு அக்கா. அன்றைக்கு வயது முப்பத்தொன்று, கல்யாணமாகாதவள், சின்னமனூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். மாரி அந்தச் சீட்டை வந்த முதல் வாரத்திலேயே என்னிடம் கொடுத்து, "மதினி, என்ன போட்டுருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான்தான் வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். உதடுகள் தொட்ட நாளில் அழுததை அப்போதுதான் சொன்னாள். குலசாமி நாளன்று அவள் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னது அம்மாவிடம் இல்லை. அம்மா அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி, இத யாரும் சுடுதண்ணில மட்டும் போட்டுறாமப் பாத்துக்கிடுங்க."

"ம்" என்றது நான்.

எனக்கும் முன்பல் நான்கும் வெளியேதான் நிற்கின்றன. "நம்ம வீட்டுப் பல்லு" என்பார் அப்பா. ஊரார் மாட்டுக்கெல்லாம் பல் பார்த்தவர், என்னைத் தேனிக்குக் கூட்டிப்போகவில்லை. எனக்கு வந்தவர்கள் கம்பி போடச் சொல்லக்கூட இல்லை. பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள். இரண்டாம் பகுதியில் நான் முடிக்காமல் விட்ட வாக்கியம் அதுதான். மாரி சுவரோரமாக உட்கார்ந்து, வாயில் எதுவுமே இல்லாததுபோல், கையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பதை ஐந்து வாரம் பார்த்தேன். [அவளை எனக்குப் பிடிக்காமலில்லை] [பிடித்திருந்தது, ஆனால்] இரண்டையும் முடிக்க மாட்டேன்.

அம்மா செம்பைத் தூக்கி, "என்ன?" என்று என்னைப் பார்த்தாள். வெந்நீர் பட்டால் அது கோணும் என்று அவளுக்குத் தெரியாது. நான் ஒரு சொல் சொன்னால் நிறுத்தியிருப்பாள். சொல்ல எடுத்த வாயை மூடினேன். எனக்கு வாய் முழுதாக மூடாது, முன்பல் இடிக்கும். அன்றைக்கு மூடியது.

அன்று மாலை மாரி உடைந்த பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. பழி அம்மாமேல் விழுந்தது. அம்மா அதை இன்றுவரை சுமக்கிறாள். நான் என் கதையிலும் அவள்மேலேயே வைத்தேன். மாமியார் என்றால் நீங்கள் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நம்பினீர்கள்தானே?

8

கடைவாய்ப்பல் வலியும் பொய். அன்றைக்கு நான் தேனிக்குப் போனது அந்த வெள்ளைப் பல்வரிசைக்காகத்தான்.

அதைக் கேட்டதும் சங்கிலியம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். "வருசநாட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"மதினி."

"மூணு வருசங் கழிச்சா வாறீக? அந்த வாரமே வந்துருந்தா இத வச்சே வேற பிளேட்டு அடிச்சுக் குடுத்துருப்பாரே டாக்டரு. பத்து நாள் வேல. இப்ப அந்தப் புள்ள பல்லு எங்கன கெடக்கோ, இது எதுக்காகும்?" என்றவள், எடையே இல்லாத பொருள் அலமாரியில் இடத்தை அடைப்பதாகச் சொல்லி இரண்டாவது ஜோடியை ஒரு பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

எடை இருக்கிறது. இப்போது என் மடியில்தான் இருக்கிறது. பஸ் கடமலைக்குண்டைத் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் இலவமரங்கள். காய் வெடித்துப் பஞ்சு பறக்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் சுருளிவேலின் தோப்பு வரும். உடைக்கும் பெண்களோடு மாரி உட்கார்ந்திருப்பாள். நான் போய் நிற்பேன். "மதினி" என்பாளா, மாட்டாளா. நான் நடந்ததைச் சொல்வேன். இந்தமுறை முழுதாக.

அதற்குமேல் எழுத மாட்டேன். வழியெல்லாம் எழுதிப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். எப்படி எழுதினாலும் அவள் என்னை மன்னித்துவிடுகிறாள். எழுதுவது நான் என்பதால்தான் மன்னிக்கிறாள்.

ஆகவே நீங்கள் எழுதுங்கள். அவள் கத்தட்டும், காறித் துப்பட்டும், பேசாமல் பஞ்சைப் பிரிக்கட்டும், உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும். உங்கள் முடிவில் எந்த இடத்திலாவது அவளைச் சிரிக்க வைத்தால், அந்தக் கையை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மடியிலா, வாயிலா.

ஒருமுறை நான் முடிவு செய்துவிட்டேன். இனி நான் அதைத் தொடமாட்டேன்.